வெயிலைக் கழிக்கக் கற்ற திரை

1972இல் இலினாய் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ 4 கல்விக் கணினியில் மாணவர்கள் திரையைத் தொட்டே விடை சொன்னார்கள். ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் பிளாஸ்மா திரை. அதன் முன்னால் குறுக்கே 16, நெடுக்கே 16 அகச்சிவப்புக் கதிர்கள். விரல் பட்டால் கதிர் அறுபடும், இடம் தெரிந்துவிடும். 1983இல் வந்த எச்பி-150 கணினியும் இதே வழியில்தான் விரலை அறிந்தது.

இந்த எளிமைக்குள்ளேயே ஒரு பலவீனமும் இருந்தது. தன்மேல் விழும் கதிர் அதை அனுப்பும் எதிர்ப்பக்க எல்இடியிலிருந்து வந்ததா, சன்னல் வழியாக வந்ததா என்று கதிரைப் பெறும் உணரிக்குத் தெரியாது. சூரிய ஆற்றலில் ஏறக்குறைய பாதி அகச்சிவப்புதான். சாயங்கால வெயில் சாய்வாக உணரியில் விழுந்தால், விரல் மறைத்த பிறகும் கதிர் வந்துகொண்டிருப்பதாகவே திரை நினைக்கும்.

எல்இடியின் வலுவைக் கூட்டிச் சூரியனை வெல்ல முடியாது. பொறியாளர்கள் அதைவிட நுட்பமான வழிகளைத் தேடினார்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியை வடிகட்டித் தடுத்தார்கள். காற்றிலுள்ள நீராவி 940 நானோமீட்டரை ஒட்டிய சூரியக் கதிரில் ஒரு பங்கை உறிஞ்சிவிடுவதால், அந்த அலைநீள எல்இடிகள் உதவின. எல்லாவற்றிலும் அழகானது கழித்தல் முறை: எல்இடி அணைந்திருக்கும்போது ஓர் அளவு, எரியும்போது ஓர் அளவு; இரண்டின் வித்தியாசமே நம்முடைய கதிர். ஆனால் வெயிலிலேயே உணரி நிரம்பிவிட்டால் கழித்தலும் கைகொடுக்காது. அதனால்தான் வடிகட்டியும், உணரியை உள்ளடக்கி வைக்கும் சட்டமும் இன்றும் தேவைப்படுகின்றன.

கைபேசிகள் மின்தேக்கத் தொடுதிரைக்கு மாறியதும் அகச்சிவப்புத் தொடுதிரை முடிந்த கதை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் வகுப்பறைகளின் பெரிய ஸ்மார்ட் போர்டுகள் பலவற்றில் இன்றும் அகச்சிவப்புச் சட்டம்தான் இருக்கிறது. அவற்றை வாங்குவோர் ‘இத்தனை லக்ஸ் வெளிச்சம் தாங்கும்’ என்ற ஒரு வரியோடு திருப்தி அடையக் கூடாது. லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கான அளவு. அகச்சிவப்பு அந்தக் கணக்கில் வராது. எல்இடி குழல்விளக்கின் கீழ் தேறிய திரை, அதே லக்ஸ் உள்ள வெயிலில் தடுமாறலாம். எந்த ஒளியில் சோதித்தார்கள் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்ல வேண்டும். சன்னலோரம் உட்காரும் பிள்ளைக்கும் அந்தப் பலகை வேலை செய்தாக வேண்டும்.