சக்கரத்தின்மேல் சமையலறை

மந்தை மேயும் வெளி என்பதே மந்தைவெளி என்னும் பெயரின் பொருள். இன்று அங்கே ஒரு மாடு நின்று அசைபோட வேண்டுமானால்கூட, முன்னே இரண்டு மோட்டார்களையும் பின்னே மூன்று ஸ்கூட்டர்களையும் நகர்த்தியாக வேண்டும். இத்தகைய பேட்டையில், ஒரு குறுகிய தெருவில் குடியிருக்கும் நம் சிநேகிதர் ஒருவர், இருபதடி நீளமுள்ள வண்டி ஒன்றை வாங்கி வாசலில் நிறுத்தப்போவதாகச் சென்ற மாதம் நம்மிடம் அறிவித்தார். வெறும் வண்டியன்று, அது வீடு. கட்டில், மேஜை, அலமாரி, ஸ்நான அறை, சமையலறை யாவும் அதற்குள்ளேயே அடக்கம்.

சிநேகிதர் சர்க்கார் கணக்கு இலாகாவில் முப்பத்தைந்து வருஷம் உழைத்து, இப்போது பென்ஷன் வாங்குகிறவர். பிள்ளை கடல் கடந்திருக்கிறான். பெண் பெங்களூரில் இருக்கிறாள். அமெரிக்கத் தம்பதிகளும் ஆஸ்திரேலியத் தம்பதிகளும் வீட்டு வண்டியில் தேசம் சுற்றும் படங்களைக் கைபேசியில் பார்த்துப் பார்த்து, அவருக்கு இந்த ஆசை முற்றிவிட்டது. பழைய காலண்டர்த் தாளின் பின்புறத்தில் அடிக்கோல் வைத்து வண்டியின் படத்தை வரைந்து வைத்திருந்தார். "காஷ்மீர் வரையில் போகலாம், ஓட்டல் செலவு கிடையாது. எந்த ஊரானாலும் சாம்பாரும் ரசமும் நம் வீட்டுப் பக்குவத்திலேயே இருக்கும்" என்றார்.

அப்போது அவருடைய சகதர்மிணியார் காபி கொண்டுவந்தார். டம்ளரை மேஜைமேல் வைத்துவிட்டு, "வண்டி வாங்கட்டும், வேண்டாமென்று நான் சொல்லவில்லை. அதில் அடுப்பு எதற்கு என்று மட்டும் நீங்கள் அவரைக் கேட்டுச் சொல்லுங்கள்" என்று நம்மிடம் கூறிவிட்டு உள்ளே போனார். சிநேகிதர் பலமாகச் சிரித்தார். நமக்கென்னவோ சிரிப்பு வரவில்லை.

வீட்டையே கூட எடுத்துக்கொண்டு தேசாந்தரம் போவது சென்னைவாசிகளுக்குப் புதிதல்ல. சென்னை சுப்ரீம் கோர்ட்டில் துபாஷியாக உத்தியோகம் பார்த்த ஏனுகுல வீராசாமி என்பவர் 1830-ஆம் வருஷம் மே மாதத்தில் காசி யாத்திரை புறப்பட்டார். குடும்பத்தாரும் பரிவாரமுமாக ஏறத்தாழ நூறு பேர். பல்லக்கும் கூடாரமும் உடன் சென்றன. ஹைதராபாத், நாகபுரி வழியாகக் காசிக்குப் போய், கயை, கல்கத்தா, பூரி என்று கிழக்குக் கரையோரமாக இறங்கி, 1831 செப்டம்பரில் ஊர் திரும்பினார். ஏறக்குறைய பதினைந்தரை மாதம்! வழியிலிருந்தபடியே அவர் எழுதிய குறிப்புகளை, அவர் காலமான பின் கோமளேசுவரன்பேட்டை ஸ்ரீநிவாச பிள்ளை 1838-இல் தெலுங்கில் புத்தகமாக வெளியிட்டார். எந்த ஊரில் தண்ணீர் நன்றாயிருக்கும், எங்கே சாமான் வாங்கலாம், எங்கே இறங்கித் தங்கலாம் என்று மஜல்தோறும் எழுதி வைத்த மனிதர் அவர். இன்றைக்கு வீட்டு வண்டி வாங்குகிறவருக்கும் முதலில் தெரிய வேண்டியவை இவைதாம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வீராசாமியின் வீடு சக்கரத்தின்மேல் போகவில்லை. ஆட்களின் தோள்மேல் போயிற்று. நம் சிநேகிதரின் திட்டத்தில் அந்தத் தோள் யாருடையது என்பதுதான் அந்த அம்மையாரின் கேள்வி.

மேனாட்டில் இந்த வண்டிகளுக்கென்றே ஒரு தனி ஏற்பாடு உண்டு. வண்டியில் நல்ல தண்ணீருக்கு ஒரு தொட்டி, கழிவு நீருக்கு வேறு தொட்டி. விளக்குக்கும் விசிறிக்கும் மின்கலம். கூரைமேல் சூரிய வெப்பத்தகடு அல்ல, சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் எடுக்கும் பலகை. இரவு தங்குமிடங்களில் கம்பத்திலிருந்து மின்சாரமும் குழாயிலிருந்து தண்ணீரும் எடுத்துக்கொள்ளலாம். கழிவுத் தொட்டியைக் கவிழ்ப்பதற்கும் இடம் ஒதுக்கியிருப்பார்கள். வண்டியைவிட இந்தத் தங்குமிடந்தான் முக்கியம். நம் தேசத்தில் நெடுஞ்சாலைக்குக் குறைவில்லை. தேசிய நெடுஞ்சாலைகள் மட்டும் சுமார் 1,46,000 கிலோமீட்டர். ஆனால் இரவு பத்து மணிக்கு வண்டியை ஓரங்கட்டினால், லாரிகளுக்கு நடுவே பெட்ரோல் பங்கில் இடம் கேட்க வேண்டியிருக்கும். கேரள சர்க்கார் 2021-இல் 'கேரவன் கேரளா' என்று ஒரு திட்டத்தை அறிவித்து, 2022-இல் வாகமண் மலையில் முதல் வண்டித் தங்குமிடத்தைத் திறந்தது. நல்ல ஆரம்பம், ஆனால் மந்தைவெளியிலிருந்து காஷ்மீர் வரையில் வாகமண்கள் இல்லையே!

சட்டத்தையும் சொல்லி வைக்கிறோம். பழைய வான் ஒன்றை வாங்கித் தச்சரை வைத்துக் கட்டில் அடித்துக்கொள்ளலாம் என்பது சிநேகிதரின் இரண்டாவது யோசனை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு அவ்வளவு சுலபமாக விடாது. பதிவுப் புத்தகத்தில் கண்ட விவரங்களுக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றக்கூடாது. சொந்த உபயோகத்துக்கான வீட்டு வண்டி என்றே பதிவில் ஒரு தனி வகுப்பு இருக்கிறது. அதன்படி முறையாகச் செய்துகொள்வதே புத்திசாலித்தனம்.

இவ்வளவும் சொன்னதால், வீட்டு வண்டியே வீண் ஆடம்பரம் என்று நாம் கருதுவதாக வாசகர்கள் நினைக்க வேண்டாம். நம் வீட்டுப் பாட்டிகளும் அத்தைகளும் ஏன் பிரயாணத்துக்கு அஞ்சுகிறார்கள்? செலவுக்காக அல்ல, களைப்புக்காகவும் அல்ல. பஸ்ஸில் எட்டு மணி நேரம் போக வேண்டுமென்றால், முதல் நாள் மாலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிற ஸ்திரீகள் எத்தனை பேர்! வழியில் இறங்கினால் போகத்தக்க இடம் இராது என்ற ஒரே பயம். முழங்கால் வலியுடையவர்களுக்கு ரயிலின் மேல் படுக்கை ஒரு மலை. ஸ்டேஷன் மாடிப்படி மற்றொரு மலை. ரயிலில் முதியோருக்கு அளித்துவந்த கட்டணச் சலுகையும் 2020 மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்டது. நீரிழிவுக்காக இன்ஸுலின் போட்டுக்கொள்கிறவர்களுக்கு மருந்தைக் குளிர்ச்சியாக வைத்திருக்க வேண்டும் என்ற கவலை வேறு. நம் சிநேகிதரின் மனைவியாருக்கும் அந்தக் கவலை உண்டு. கையெட்டும் தூரத்தில் சுத்தமான கழிப்பறை, தாழ்வான கட்டில், மருந்துக்கு ஒரு குளிர்பெட்டி. இந்த மூன்றையும் கொடுக்கிற வண்டியை ஆடம்பரம் என்று சொல்ல நமக்கு நாவெழவில்லை.

அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்தில் நார்மா என்று ஒரு மூதாட்டி இருந்தார். 2015-இல் கணவர் இறந்த சமயத்திலேயே, அவருக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய் என்று தெரியவந்தது. வயது 90. சத்திர சிகிச்சை, மருந்து என்று வைத்தியர் விவரித்ததைக் கேட்டுவிட்டு, தமக்குத் தொண்ணூறு வயதாகிறது, ஊர் சுற்றப் போகிறேன் என்று சொல்லிவிட்டார். மகனும் மருமகளும் அவரை வீட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு ஒரு வருஷத்துக்கு மேலாக அந்தத் தேசம் முழுவதும் சுற்றினார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கழிந்திருக்க வேண்டிய நாட்கள் மலைகளுக்கும் கடற்கரைகளுக்கும் நடுவே கழிந்தன. 2016 செப்டம்பரில், 91-ஆம் வயதில் அவர் காலமானார். தள்ளாத வயதில் ஒருத்தியைத் தன் படுக்கையோடேயே உலகத்துக்கு அழைத்துப் போக முடியும் என்பதை அந்த வண்டி காட்டியது.

இதற்கு நேர் எதிரான உதாரணம் ஒன்று நமக்கு மிக அருகில், கொச்சியில் இருக்கிறது. அங்கே சிறிய டீக்கடை வைத்திருந்த விஜயனும் அவர் மனைவி மோகனாவும் தினம் முந்நூறு ரூபாய் எடுத்து வைத்தார்கள். போதாததற்குக் கடன் வாங்கினார்கள். ஊர் திரும்பி, டீ ஆற்றியே அந்தக் கடனை அடைத்தார்கள். பிறகு மறுபடியும் புறப்பட்டார்கள். 2007-இல் முதல் கடல் கடந்த யாத்திரை. இருபத்தைந்துக்கு மேற்பட்ட தேசங்களைப் பார்த்துவிட்டு, 2021 அக்டோபரில் ருஷியாவுக்குப் போய்வந்தார்கள். அடுத்த மாதமே விஜயன் காலமானார். அவர்களிடம் வீட்டு வண்டி கிடையாது. வருஷம் முழுவதும் அடுப்பின் முன்னே நின்ற அந்த இருவரும், புறப்படும்போது அடுப்பைக் கடைக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போனார்கள். நமக்கு இதுதான் பெரிய விஷயமாகத் தோன்றுகிறது.

ஆபீஸ் உத்தியோகத்துக்கு ஐம்பத்தெட்டிலோ அறுபதிலோ ஓய்வு உண்டு. மாலை போட்டு, போட்டோ எடுத்து, வெள்ளித் தட்டும் கொடுத்து அனுப்புகிறார்கள். அதே முப்பத்தைந்து வருஷம் காலை ஐந்து மணிக்கு டிகாக்‌ஷன் இறக்கி, எட்டு மணிக்கு டிபன் டப்பா கட்டியவருக்கு அப்படி ஒரு நாள் வந்ததுண்டா? கணவருக்குப் பென்ஷன் ஆரம்பித்த தினத்திலிருந்து அவருக்குப் பதினொரு மணிக் காபி என்று ஒரு வேலை கூடுதலாகிறது. இப்போது காஷ்மீரத்து ஏரிக்கரையிலும் அவரை நிற்க வைத்து ரசம் கொதிக்க விடுவதென்றால், சிநேகிதர் ஊர் பார்ப்பார். அம்மையார் அதே ஏனங்களை வேறு ஊர்த் தண்ணீரில் கழுவுவார்.

மறுவாரம் மந்தைவெளிக்குப் போய் இதையெல்லாம் சிநேகிதரிடம் சொன்னோம். முதலில் கொஞ்சம் கோபித்துக்கொண்டார். "அவளுக்கு வெளியில் சாப்பிட்டால் ஒத்துக்கொள்ளாது" என்றார். உள்ளேயிருந்து, "யார் சொன்னார்கள்?" என்று குரல் வந்தது. சிநேகிதர் மௌனமானார். பிறகு ரப்பரை எடுத்துக்கொண்டு படத்தின் முன் உட்கார்ந்தார்.

வாங்குவதை ஒத்திப்போட்டு, முதலில் வாடகைக்கு ஒரு வண்டி எடுத்து, பத்து நாள் கும்பகோணம், தரங்கம்பாடி, இராமேசுவரம் என்று போய்வருவதாக இப்போது முடிவாகியிருக்கிறது. வழிநெடுக ஓட்டல் உண்டு. கோயில் பிரசாதம் உண்டு. உறவினர் வீடுகளும் உண்டு. புதிய படத்தையும் காட்டினார். கழிப்பறை ஓர் அடி அகலமாகியிருக்கிறது. கட்டிலின் உயரம் குறைந்திருக்கிறது. அடுப்பு இருந்த இடத்தில் ஜன்னல். ஒரு மூலையில் மட்டும் வெந்நீர்க் கெண்டியும் பில்டரும் வைக்கச் சிறு பலகை ஒன்று மிஞ்சியிருந்தது. அதன் பக்கத்தில், பென்சிலால், வேறொரு கையெழுத்தில் எழுதியிருந்தது: "காலைக் காபி - அவர்."