“ஓம் ஐயா” என்றவனுக்குத் தண்டனை!

வெளிமாகாணத்து நீதவான் நீதிமன்றம் ஒன்றில் நாம் நேரிற் கண்டதை முதலிற் சொல்லிவிடுகிறோம். வெங்காய லொறியில் கூலியாளாகச் சென்ற வலிகாமத்து இளைஞன் ஒருவன் கூண்டில் நிறுத்தப்பட்டான். குற்றச்சாட்டு சிங்களத்தில் வாசிக்கப்பட்டது. அன்று முதலியார் விடுமுறையில். (பட்டம் பெற்ற பிரபுவை நாம் சொல்லவில்லை, நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரை நம்மவர் இன்றும் அப்பெயராலேயே அழைக்கின்றனர்.) அருகில் நின்ற பொலிஸ் உத்தியோகத்தர் தமக்குத் தெரிந்த தமிழில் இரண்டொரு சொல் சொன்னார். இளைஞன், “ஓம் ஐயா” என்றான். வழக்கேட்டில் ஒரு வரி ஏறியது: எதிரி குற்றத்தை ஒப்புக்கொண்டார். தண்டம் விதித்தாயிற்று, அடுத்த வழக்கு!

யாழ்ப்பாணத்தவன் வாயில் வரும் “ஓம்” எத்தனை பொருள் உடையது என்பதை நம் வாசகருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. “கேட்கிறது, சொல்லுங்கள்” என்பதும் ஓம். “சரி, விட்டுவிடுங்கள்” என்பதும் ஓம். நாம் வேறொரு வழக்குக்காக அங்கே இருந்தோம். எழுந்து ஆட்சேபிக்குமுன் அவனைக் கூண்டிலிருந்து இறக்கிவிட்டார்கள். இன்னும் விரைவாக எழுந்திருக்கலாமே என்ற உறுத்தல் எம்மை இன்னும் விட்டபாடில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைச் சட்டக்கோவையின் 183ஆம் பிரிவைப் பாருங்கள். நீதவான் மன்றில் எதிரி குற்றத்தை நிபந்தனையின்றி ஏற்பானாயின், அவன் கூற்று இயன்றவரை அவன் பேசிய சொற்களிலேயே பதியப்படவேண்டும் என்கிறது அது. அவன் பேசிய சொற்களில்! தமிழிலே பேசியவன் சொல்லைத் தமிழ் அறியாத லிகிதர் எந்தச் சொல்லாற் பதிவார்? ஒப்புதலின் பேரில் தீர்ப்பான பின் மேன்முறையீட்டுக்குள்ள வழியோ மிக ஒடுங்கியது. மேல்மன்றம் பார்ப்பது ஏட்டை; கூண்டில் நின்றவனின் முகத்தையன்று.

நீதிமன்றம் என்றால் நீதவானும் சட்டத்தரணியும் பொலிசாரும்தான் என்று நம் மக்கள் எண்ணுகின்றனர். உண்மையில் ஒரு குற்ற வழக்கை முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை தூக்கிச் சுமப்பவர் லிகிதர். வழக்குக்கு இலக்கமிடுபவர் அவர். தவணையை ஏட்டிற் குறிப்பவர், அழைப்பாணையை எழுதுபவர், சான்றுப் பொருளைக் காப்பவர், விளக்கமறியல் கட்டளையில் பெயரை நிரப்புபவர் எல்லாம் அவரே. தந்தை பெயரை முன்னெழுத்தாகக் கொண்ட தமிழனின் பெயர் ஒரு தாளில் ஒருவிதமாகவும் மற்றத் தாளில் வேறுவிதமாகவும் எழுதப்பட்டால் என்ன நேரும்? பிணை கிடைத்தும் சிறைவாசலில் ஆள் அடையாளம் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். விடுதலைத் தாள் மாலைக்குள் போய்ச் சேராவிடில் இன்னுமோர் இரவு உள்ளேதான். வெளியே கால்கடுக்க நிற்கும் தாய்க்கு அரசியலமைப்பு என்பது அந்த ஒற்றைத் தாள்தான்.

பழைய கதை நீளமானது, சுருக்கமாய்ச் சொல்வோம். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. 1961இல் நீதிமன்ற மொழிச் சட்டம் வந்தது. அவ்வாண்டு கச்சேரி வாசல்களில் நம்மவர் சத்தியாக்கிரகம் இருந்தபோது நீதிமன்ற மொழியும் அவர்கள் எழுப்பிய முறைப்பாடுகளில் ஒன்று. பின்னர் 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழி என்றது. 1988இல் 16ஆம் திருத்தம் சிங்களமும் தமிழும் நாடெங்கும் நீதிமன்ற மொழிகள் என்றது. எனினும் அதே 24ஆம் உறுப்புரை, தமிழ் நிருவாக மொழியாயுள்ள இடங்களுக்கு வெளியே பதிவேடு சிங்களத்திலேயே நடக்கும் என்றும் விதித்தது. ஒரு கையாற் கொடுத்து மறு கையால் வாங்குவது இதுதான். மலையகத்துத் தோட்டத் தொழிலாளியைக் கேளுங்கள், சொல்வார்.

ஆயினும் அவ்வுறுப்புரையின் 3ஆம் பந்தி நம் கையில் உள்ள ஆயுதம். மன்றின் மொழி அறியாத கட்சிக்காரனுக்கு மொழிபெயர்ப்பை அரசே வழங்கவேண்டும் என்கிறது அது. அரசு மனமிரங்கித் தரும் தருமமன்று இது, உரிமை! பொலிஸ்காரர் உதவிக்குச் சொல்லும் இரண்டு சொல் மொழிபெயர்ப்பாகாது. வழக்கைக் கொண்டுவந்த தரப்பே எதிரியின் வாயாகவும் இருப்பது எந்த நியாயம்?

அதன் விளைவை நாடு கண்டிருக்கிறது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ்ச் சிறைப்பட்ட நல்லரத்தினம் சிங்கராசாவின் வழக்கில், வாக்குமூலத்தைச் சிங்களத்தில் தட்டெழுதியவரும் தமிழுக்கும் சிங்களத்துக்கும் இடையே மொழிபெயர்த்தவரும் ஒரே பொலிஸ் கொன்ஸ்டபிள். அதன் கீழே பெருவிரல் அடையாளம். 1995இல் 50 ஆண்டுச் சிறை; பின்னர் மேன்முறையீட்டில் அது 35 ஆண்டாயிற்று. 2004இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு, நேர்மையான விசாரணைக்கான அவருடைய உரிமை மீறப்பட்டது என்று கூறியது. 2006இல் நம் உயர் நீதிமன்றமோ அக்கருத்துக்கு இந்நாட்டிற் சட்ட வலு இல்லையென ஒதுக்கியது.

“தமிழ் தெரிந்த லிகிதர் கிடைக்கவில்லையே” என்பார்கள். கிடைக்காதென்றால் ஏன்? இரு மொழியிலும் சட்டச் சொல் அறிந்து, நாள் முழுதும் நின்று பெயர்க்கும் ஒருவருக்குக் கொடுக்கும் சம்பளமும் பதவியுயர்வும் எவ்வாறுள்ளன என்று கேளுங்கள். நியமனமும் இடமாற்றமும் நீதிச்சேவை ஆணைக்குழுவின் கையில். ஆளணியும் பணமும் அமைச்சின் கையில். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, தவணை போகிறது.

நம் வீட்டையும் பார்ப்போம். முதலியார் இல்லாத நாளில் “பரவாயில்லை, நடக்கட்டும்” என்று தலையாட்டும் சட்டத்தரணிகள் நம்மிடையேதான் இருக்கிறார்கள். கட்டணம் வாங்கிய வழக்கு அன்றே முடிந்தாற் போதும் அவர்களுக்கு! ஆட்சேபம் ஏட்டில் ஏறினாலன்றோ மேல்மன்றம் அதைக் காணும்? படித்த வாலிபர்களோ லிகிதர் வேலையென்றால் முகஞ் சுளிக்கின்றனர். இரு மொழியும் கற்று அந்தத் தேர்வுக்குப் போகும் பிள்ளை, மேடையிலே முழங்கும் எம் போன்ற பத்துப் பேரைவிடக் கூடுதலாக இந்த இனத்துக்கு உழைப்பான் என்பதை நாம் வெட்கமின்றி ஒப்புக்கொள்கிறோம்.

கமக்காரருக்கும் ஒரு சொல். காணிப் பிணக்கு, மாடு, காடு என்று எதன் பேரிலாவது அழைப்பாணை வந்து கூண்டில் ஏறினால், விளங்காத கேள்விக்கு “ஓம்” சொல்லாதீர்கள். “எனக்கு விளங்கவில்லை, தமிழிற் சொல்லுங்கள்” என்று கேளுங்கள். சொல்லும்வரை கேளுங்கள். நீங்கள் அப்படிக் கேட்டதை ஏட்டிற் பதியும்படி உங்கள் சட்டத்தரணியிடமும் சொல்லுங்கள். அவர் தயங்கினால் எமக்கு எழுதுங்கள்.