பனிமலைக்கு ஏற்ற உறக்கப்பை

மலையேறுதலைப் பற்றி எழுதுவோர் பலர். மலைமேல் இராப்பொழுதைக் கழித்தலைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலர். நம் கல்லூரியினின்று மலைச்செலவு மேற்கொள்ளும் மாணவர் தொகை ஆண்டுதோறும் பெருகி வருகின்றது. கொடைக்கானலோடும் நீலகிரியோடும் நின்ற கால்கள் இப்பொழுது இமயத்தையும் நாடுகின்றன. இது மகிழ்தற்குரியதே. ஆயினும், காலணி வாங்குதற்கும் புகைப்படம் எடுத்தற்கும் செலவிடுங் கருத்தில் நூற்றிலொரு பங்கேனும், ஸ்லீப்பிங் பேக் என்று யாவரும் வழங்கும் உறக்கப்பையின்பாற் செலுத்துவாரைக் காண்டல் அரிது. யாமும் அங்ஙனமே கருத்தின்றிச் சென்றோம். அதன் பயனை எம்முள் இளையோனொருவன் துய்த்தான். அதுபற்றியே இதனை எழுதத் துணிந்தோம்.

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் யாம் பன்னிருவர் உத்தரகண்ட மாநிலத்துக் கேதார்காந்தா என்னும் மலைக்குப் போந்தோம். டேராடூனிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் மலைப்பாதையில் வண்டியிற் சென்று, சாங்க்ரி என்னும் சிற்றூரில் இறங்கி, அங்கிருந்து நடத்தல் வேண்டும். நம் தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். கேதார்காந்தாவின் உயரமோ ஏறத்தாழ 3,800 மீட்டர். வழியிலுள்ள காட்டையும், உறைந்து கிடந்த ஏரியையும், வெண்பனி போர்த்த முகடுகளையும் வருணிக்கப் புகின் இக்கட்டுரை வேறொன்றாய் முடியுமாதலின், இரவுக்கே வருவோம்.

சிகரத்தின் அடியில் கூடாரமிட்ட இரண்டாம் இரவு, எம் வெப்பமானி பூச்சியத்திற்குக் கீழ் 9 டிகிரி காட்டிற்று. எம் உறக்கப்பைகள் பன்னிரண்டும் ஊரிலே ஒரு கடையில் வாடகைக்கு எடுத்தவை. யாவும் ஒரே வகை. ஒவ்வொன்றன் புறத்தும் −15 என்று பெரிய எழுத்திற் பொறித்திருந்தது. ஒன்பது டிகிரிக் குளிருக்குப் பதினைந்து டிகிரிப் பை போதாதோ என்பது எம் கணக்கு. நடுயாமத்திற் பார்த்தபொழுது, முதலாண்டு மாணவனாகிய அவ்விளையோன் புரண்டவண்ணம் இருந்தான். வினவியதற்கு, “ஒன்றுமில்லை அண்ணா, உறக்கந்தான் வரவில்லை,” என்றான். அதனை அவ்வாறே நம்பிவிட்டோம். விடியற்காலையில் அவனாற் காலணியின் கயிற்றை முடிய இயலவில்லை. கேட்டதற்கு நெடுநேரங் கழித்து மறுமொழி கூறினான், அம்மொழியும் குழறிற்று. சோம்பலென்று சிலர் நகைத்தனர். (எழுதுதற்கே நாணுகின்றோம், நகைத்தவருள் யாமும் இருந்தோம்.) எமக்கு வழிகாட்டியாய் வந்த அவ்வூர்ப் பெரியவர் மட்டும் நகைத்திலர். அவனைச் சமையற் கூடாரத்துக்கு அழைத்துச் சென்று, வியர்வையால் ஈரமேறிக் கிடந்த உள்ளாடையைக் களைந்து, உலர்ந்தவற்றை உடுத்து, இரண்டு பைகளுள் ஒன்றாய் அவனை நுழைத்து, வெந்நீர்ப் புட்டிகளைத் துணியிற் சுற்றி மார்பருகே வைத்துச் சர்க்கரை மிகுந்த தேநீரைச் சிறிது சிறிதாய்ப் பருகச் செய்தார். ஒருமணி நேரத்தில் அவன் தெளிந்தான். உடல் வெப்பம் குறைந்து அறிவு மயங்கும் ஹைப்போதெர்மியா என்னும் நிலையின் வாயிலில் அவன் நின்றானென்பதைப் பின்னரே அறிந்தோம். அன்று சிகரத்தைக் காணாமலே யாவரும் இறங்கினோம்.

ஊர் திரும்பிப் பைகளைக் கடையில் ஒப்புவிக்கும்பொழுதுதான், உட்புறம் தைத்திருந்த சிறு துணித்துண்டை யாம் முதன்முறையாகப் படித்தோம். அதில் மூன்று எண்கள் இருந்தன: 5, 0, −15.

இவ்வெண்களின் பொருளை மலைச்செலவு செல்லும் ஒவ்வொருவரும் அறிதல் வேண்டும். முன்னாளில் பை செய்வோர் தத்தமக்குத் தோன்றிய எண்ணைப் பொறித்து விற்றனர். 2002-இல் ஐரோப்பிய நாடுகளில் இ.என். 13537 என்னும் பொதுவிதி வகுக்கப்பட்டது. பின்னர் 2016-இல் ஐ.எஸ்.ஓ. 23537 என்னும் உலகப் பொதுவிதி வந்தது. இவ்விதிப்படி, மனித வடிவாய்ச் செய்து வெப்பமூட்டிய பாவையொன்றற்கு உள்ளாடையும் காலுறையும் அணிவித்து, பையினுள் இட்டு, விரிப்பின்மேற் கிடத்தி, குளிரறையில் வைத்து, அதனினின்று கழியும் வெப்பத்தை அளக்கின்றனர். அவ்வளவையினின்று பெறுவன மூன்று எண்கள். முதலாவது சுகநிலை: 60 கிலோகிராம் எடையுள்ள பெண்ணொருத்தி தளர்ந்து படுத்து இனிதுறங்கத்தக்க குளிர். இரண்டாவது எல்லைநிலை: 73 கிலோகிராம் எடையுள்ள ஆடவனொருவன் உடலைக் குறுக்கிக்கொண்டு எட்டுமணி நேரம் விழியாது கிடக்கத்தக்க குளிர். மூன்றாவது உச்சநிலை: அப்பெண் ஆறுமணி நேரம் உயிர்பிழைத்திருத்தற்கு மட்டும் உரிய குளிர், அதற்குள் உறைபனியால் விரல்கள் கெடினும் கெடும். உறக்கம் என்னும் பேச்சு அங்கு இல்லை.

எம் பையின் புறத்தே பெரிதாய்ப் பொறித்திருந்தது இம்மூன்றாம் எண். எனவே, இனிதுறங்குதற்கு 5 டிகிரியளவே உதவும் பையை −9 டிகிரிக்குக் கொண்டுசென்றோம். பதினான்கு டிகிரி வேற்றுமை! கடைக்காரரை நோதற்கில்லை, சிறிய எழுத்து அங்கேதான் இருந்தது. பெரிய எண்ணை விரும்பிப் படித்தவர் நாமே.

இங்கு மற்றொன்று கருதத்தக்கது. எம் இளையோன் 48 கிலோகிராம் எடையினன். 73 கிலோகிராம் ஆடவனுக்கு வகுத்த எண் அவனுக்கு எவ்வாறு பொருந்தும்? ஒரே பையுள், ஒரே இரவில், கொழுத்த உடலினன் குறட்டைவிட, மெலிந்தவன் நடுங்குவான். பெண்பாலார் பலர்க்கும் ஆடவரினும் குளிர் மிகத் தோன்றும். அதுபற்றியே சுகநிலை பெண்ணை வைத்து அளக்கப்பட்டது. அங்ஙனமாகவும், நம் மலைச்செலவுக் குழுக்களில் பன்னிருவர்க்கும் ஒரே வகைப் பையை எடுத்து, வரிசையில் நின்றார்க்கு வரிசைப்படி வழங்குகின்றோம். இதனைச் சமத்துவம் என்றுங் கூறிக்கொள்கின்றோம். எம் கருத்தில் இது பெரும் பிழை. குழுவிற்கு வேண்டிய வெப்பத்தை, அதனுள் மிகக் குளிர்வானொருவனைக் கொண்டு அளத்தல் வேண்டும். தலைவனைக் கொண்டு அளத்தல் கூடாது. தலைவராவார் பெரும்பாலும் பருத்த உடலினராயும் பலமுறை மலை கண்டவராயும் இருத்தலின், தமக்குக் குளிராதது பிறர்க்கும் குளிராதென எண்ணுவர்.

மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனைப் புலவர்கள் பாடினர். அம்மயில் உண்மையிற் குளிரால் நடுங்கிற்றோ, தோகை விரித்து ஆடிற்றோ என்று எம் வகுப்பில் ஒருநாள் பெருவழக்கு நிகழ்ந்தது. பேகன் மயிலை வினவவில்லை என்பது மட்டும் உறுதி. ஆயினும் அவன், நடுங்குவது போலத் தோன்றியதொன்றைக் கண்டு தன் தோளினின்று போர்வையை எடுத்தான். யாமோ, நடுங்கினானொருவனைக் கண்டும் வாளாவிருந்தோம். பழனிமலையை ஆண்டவன் அவன். யாம் பயிற்சிக்கென ஏறுவதும் அப்பழனிமலைத் தொடரிலுள்ள கொடைக்கானலே.

பையைத் தெரிந்தெடுக்குமுன் அதன் தொழிலை உணர்தல் வேண்டும். உறக்கப்பை வெப்பம் தருவதன்று. உறங்கும் மனிதனுடலினின்று 70 அல்லது 80 வாட் அளவே வெப்பம் வெளிப்படும். பழைய மின்குமிழ் ஒன்றன் அளவு. அதனைக் கழியவிடாது காத்தலே பையின் வேலை. காப்பதும் பஞ்சோ இறகோ அன்று. அவற்றினிடையே அசைவின்றி அகப்பட்ட காற்று. ஆதலின், பருத்து உப்பிய பையே வெப்பங் காக்கும். பலர் கையிற் புழங்கி, துவைத்துத் துவைத்துத் தட்டையாய்ப்போன வாடகைப் பை, தன்மேற் பொறித்த எண்ணுக்கு எந்நாளும் நிகராகாது.

இதினின்றே மற்றோர் உண்மையும் போதரும். படுத்தவனுடைய உடலின்கீழ் நசுங்கும் பகுதியிற் காற்று நில்லாது. எனவே கீழ்ப்புறத்துக்குப் பை ஏறத்தாழ இல்லாததற்கே ஒப்பு. குளிரென்றால் வாடைக்காற்று என்றே நாம் எண்ணிப் பழகினோம். நெடுநல்வாடையில் நெருப்பைக் கையிற்கொண்டு கன்னம் நடுங்க நிற்கும் கோவலரைப் படித்தபொழுதும் காற்றையும் மழையையுமே கண்டோம். பனித்தரையிற் படுத்தவனுடைய வெப்பத்தையோ தரையே உண்ணும். அதனைத் தடுப்பது கீழிடும் விரிப்பு. அதன் தடையளவை ஆர் மதிப்பு என்பர். அதனை அளத்தற்கும் 2018-இல் ஒரு பொதுமுறை வந்தது. சாதாரண நுரைவிரிப்பு ஏறத்தாழ 2 மதிப்புடையது. பனியின்மேற் படுப்பார்க்கு 4, 5 வேண்டும். இரண்டு விரிப்புக்களை ஒன்றன்மேலொன்று இடின் மதிப்புக்கள் கூடும். யாம் கொண்டுசென்றவை ஒவ்வொருவர்க்கும் ஒரு மெல்லிய நுரைவிரிப்பே. எம் இளையோன் கூறியதும் பின்னர் நினைவுக்கு வந்தது: “முதுகுதான் அண்ணா முதலிற் குளிர்ந்தது.”

உள்ளீடு இறகோ செயற்கைப் பஞ்சோ என்பதுபற்றி மலையேறுவார் நெடிது வாதிடுவர். வாத்தின் மென்றூவி எடைக்கு எடை மிக்க வெப்பங் காப்பது, சிறிதாய்ச் சுருங்குவது, நெடுங்காலம் உழைப்பது. நனைந்தால் மட்டும் ஒட்டிச் சுருண்டு பயனிழக்கும், விலையும் மிகுதி. செயற்கைப் பஞ்சு கனமுடையது. ஈரத்தை ஒருவாறு பொறுக்கும். மாணவர்க்கு எட்டும் விலையினது. மழையில்லாத உறைபனிக்குத் தூவியும், ஈரமிக்க மலைகளுக்குப் பஞ்சும் நன்று என்பது எம் துணிபு. ஒரு தூவிப் பையை நால்வர் பணமிட்டு வாங்குதல் நடவாததன்று.

ஈரம் என்றது மழையை மட்டுமன்று. 1911-இல் தென்துருவ நாட்டின் நடுக்குளிர் காலத்தில், வில்சன், பவர்ஸ், செர்ரி-காரார்ட் என்னும் மூவர் பெங்குவின் முட்டை தேடி, இருளில் ஐந்து கிழமை பயணஞ் செய்தனர். பூச்சியத்திற்குக் கீழ் 60 டிகிரியையும் தொட்ட குளிர் அது. அவர்தம் பனிமான் தோற்பைகளில் வியர்வையும் மூச்சின் ஈரமும் படிந்து உறைய, நாள்தோறும் பைகள் கனத்தன; இரவில் உறைந்த பையைத் தம் உடல்வெப்பத்தாலே சிறிது சிறிதாய் இளக்கி உட்புகவேண்டியவராயினர். மூன்று முட்டைகளோடு மீண்டனர். நம் செலவுகளில் அத்துணைக் குளிர் இல்லையாயினும், நாம் செய்யும் பிழை அதே ஈரத்தின்பாற்பட்டது. தலையைப் பையினுள் இழுத்துக்கொண்டு உள்ளே மூச்சுவிடுகின்றோம். பகலெல்லாம் நடந்து வியர்த்த உள்ளாடையோடே படுக்கின்றோம். மூக்கும் வாயும் வெளியே இருத்தல் வேண்டும். தலைக்குக் கம்பளிக் குல்லாய் வேண்டும். உறங்குதற்கென ஓர் இணை உலர்ந்த ஆடை, வேறெதற்கும் எடுக்காதபடி, தனியே கட்டிவைத்தல் வேண்டும்.

அளவும் நோக்கத்தக்கது. மிக நீண்டகன்ற பையில் வெற்றிடத்தை நிரப்பவே உடல்வெப்பம் செலவாகும். மிக இறுகியதில் உள்ளீடு நசுங்கும். கழுத்தருகே காற்றடைக்கும் பட்டையும், பல்லிணைப்பின் உட்புறம் ஓடும் தடித்த மடிப்பும் உண்டோ எனக் கடையிலே படுத்துப் பார்த்தே எடுக்க. நகைப்பார் நகைக்கட்டும்.

இவ்வளவும் பணமுடையார்க்கே இயலுமென்று சில நண்பர் கூறினர். உண்மையே; −10 டிகிரி சுகநிலையுடைய நல்ல தூவிப் பை பெரும்பாலார்க்கு எட்டாதது. ஆனால் பன்னிருவர்க்கும் அது வேண்டுவதில்லை. உண்மையில், எல்லோர்க்கும் மிகுவெப்பப் பை கொடுப்பின் சிலர் வியர்த்து நனைந்து அதனாலே குளிர்வர். செல்லுமிடத்தின் இராக்குளிரை அறிந்து, அதனினும் 5 டிகிரி தாழ்ந்த சுகநிலையுடைய பை நான்கைந்தே குழுவின் பொதுச்சொத்தாய் இருப்பின், மெலிந்தார்க்கு அவை போதும். ஏனையோர், இடைத்தரப் பையின்மேல் ஒரு கம்பளியோ, ஒன்றனுள் ஒன்றாய் இரண்டு எளிய பைகளோ கொண்டு சமாளிக்கலாம். விரிப்புக்கள் மட்டும் ஆளுக்கு இரண்டு வேண்டும். அவற்றின் விலை குறைவு. செலவுக்கு முந்திய கிழமையில் ஒவ்வொருவரையும் தனித்தனியே அழைத்து, “உனக்குக் குளிர் தாங்குமா?” என்று கேட்டல் வேண்டும். கூட்டத்தினிடையே கேட்டால் யாரும் தாங்காதென்று கூறார். எம் இளையோன் இரவெல்லாம் வாய்திறவாதிருந்ததற்கு, எம் நகைப்புக்கு அஞ்சியதன்றி வேறு காரணமில்லை.

இம்முறையை நம் கல்லூரி மலைச்செலவுக் குழு ஏற்கவேண்டுமென்று எழுத்தில் வேண்டிக்கொண்டோம். நான்கு பைகள் வாங்குதற்குப் பணமும் சிறிது சேர்ந்துள்ளது. முதலில் வாங்கிய ஒன்று இப்பொழுது விடுதியில் எம் அறையின் உத்தரத்தில், பெரியதொரு பருத்திச் சாக்கினுள் தளர்வாய்த் தொங்குகின்றது. நெடுநாள் இறுக்கிக் கட்டினால் தூவி உப்புந் திறனை இழக்குமாம். அடுத்த செலவுக்குரிய பெயர்ப்பட்டியலில் அப்பைக்கு நேரே இளையோன் பெயரை எழுதியிருக்கின்றோம். அவன் அதனை அறிந்து, தனக்கு அது வேண்டா, வேறொருவர்க்குக் கொடுங்கள் என்று இருமுறை வந்து சொல்லிவிட்டான். பெயரை இன்னும் அடிக்கவில்லை.