கையில் ஃப்ரீ பாஸ்... ஆனால் பைக்கில் வரும் பஸ் டிரைவர்! ஏன்?

சென்னை மாநகர பஸ் டிப்போ எதையாவது கடந்து போகும்போது உள்ளே எட்டிப் பாருங்கள். பஸ்களுக்குப் பக்கத்திலேயே வரிசையாக டூவீலர்கள் நிற்கும். பெரும்பாலும் டிரைவர், கண்டக்டர்களுடையவை. பஸ்ஸில் போக ஃப்ரீ பாஸ் வைத்திருப்பவர்கள்தான் இவர்கள்.

'பஸ் ஓட்டுறவங்களே பஸ்ல வரலையா?' என்று மீம் போடத் தோணும். கொஞ்சம் பொறுங்க.

சென்னை மெட்ரோவின் முதல் ரயில் காலை 5 மணிக்கு. அதை ஓட்டுபவர் அதற்கு முன்பே வந்து ரிப்போர்ட் செய்து, ரயிலைச் சரிபார்த்திருக்க வேண்டும். பஸ்ஸிலும் இதே கதைதான். முதல் பஸ்ஸை எடுக்க வருகிறவரை ஏற்றிவர அதற்கு முன்னால் ஒரு பஸ் கிடையாது. நைட் சர்வீஸ் சில முக்கிய ரூட்களில் மட்டுமே ஓடுகிறது.

ராத்திரி இதற்குத் தலைகீழ். கடைசி டிரிப் முடிந்ததும் கண்டக்டர் வீட்டுக்குப் போய்விட முடியாது. பஸ் டிப்போவுக்குள் வந்த பிறகு டிக்கெட் கணக்கை முடித்து, கலெக்‌ஷன் பணத்தைக் கட்ட வேண்டும். அவர் வெளியே வரும்போது பஸ்களெல்லாம் தூங்கப் போயிருக்கும்.

இதில் வாடகையும் சேர்ந்துகொள்கிறது. டிப்போ இருப்பது நகருக்குள். சம்பளத்துக்குக் கட்டுப்படியாகும் வீடு கிடைப்பதோ புறநகரில். 4 மணி டூட்டிக்கு 25 கிலோமீட்டர் தள்ளியிருந்து வருபவர் 3 மணிக்கே இருட்டில் பைக்கை எடுத்தாக வேண்டும். பெட்ரோல் அவர் காசு. அரைத்தூக்கத்தில் ஓட்டிய அந்த ஒரு மணி நேரம் டூட்டிக் கணக்கிலும் வராது. ஆனால் அந்தக் களைப்போடுதான் 50 பேர் உட்கார்ந்திருக்கும் பஸ்ஸின் ஸ்டீயரிங்கைப் பிடிக்கிறார். ஆக, இது அவருடைய சொந்தப் பிரச்னை மட்டும் இல்லை.

ஓ.எம்.ஆர். ஐ.டி. கம்பெனியில் நைட் ஷிஃப்ட் என்றால் வீட்டு வாசலுக்கே கேப் வருகிறது. சிங்கப்பூரில் முதல் சர்வீஸுக்கு முன்பே டிரைவர்களை அழைத்துவர பஸ் கம்பெனிகள் தனியாக ஸ்டாஃப் பஸ் விடுகின்றன. இங்கே டிப்போ நிறைய பஸ் இருந்தும், ஊழியரைக் கூட்டிவர ஒன்றை அனுப்புவதை வீண்செலவாகப் பார்க்கக் கூடாது. அதுவும் அன்றைய சர்வீஸின் முதல் டிரிப்தான்.

சரி, அந்த ஸ்டாஃப் பஸ்ஸை ஓட்டுபவர் எதில் வருவார் என்கிறீர்களா? லேட் டூட்டி முடித்துவிட்டு டிப்போ ரெஸ்ட் ரூமிலேயே படுத்துக்கொள்பவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். அந்த அறைக்கு முதலில் நல்ல ஃபேனும் கட்டிலும் போடுங்கள்.