வெள்ளத்தில் ஓடிய படகு: வளைந்த ஸ்கெக்கைத் தட்டி நிமிர்த்தலாமா?

கேள்வி: செங்கல்பட்டு மாவட்டத்தில் ஏரி குத்தகைக்கு எடுத்து மீன் வளர்க்கிறோம். தீவனம் போடுவதற்கு 8 குதிரைத்திறன் மோட்டார் பொருத்திய சிறிய ஃபைபர் படகு இருக்கிறது. மழை வெள்ளத்தின்போது அதை லாரியில் ஏற்றி வந்து, எங்கள் தெருவில் இருந்த முதியவர்களை வெளியேற்றினோம். தண்ணீரில் மறைந்திருந்த சாலைத் தடுப்பில் இடித்து, மோட்டாரின் அடியில் உள்ள தகடு வளைந்துவிட்டது. படகு ஓடுகிறது. பட்டறையில் கொடுத்துத் தட்டி நிமிர்த்திக்கொள்ளலாமா?
– வாசகர், வேளச்சேரி.

பதில்: தட்டக் கூடாது. நிமிர்த்துவதற்கு முன் பார்க்க வேண்டியவையும் சில உண்டு.

வேளச்சேரி மக்களுக்குப் படகு புதிதல்ல. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அங்குள்ள தெருக்களில் படகுகள்தான் ஓடின. 2018 ஆகஸ்டில் கேரளத்தைக் காப்பாற்றியதிலும் மீனவர்களின் படகுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் ஏரியின் தரை சேறு. தெருவின் தரை கான்கிரீட். நடுத்தடுப்பு, வேகத்தடை, மூழ்கிக் கிடக்கும் கார் என்று எதுவும் மேலிருந்து தெரியாது. முதலில் இடிபடுவது மோட்டாரின் அடிப்பகுதிதான்.

விசிறிக்குக் கீழே, மீனின் துடுப்பைப் போல நீட்டிக்கொண்டிருக்கும் தகட்டுக்கு ஸ்கெக் என்று பெயர். படகு நேராகச் செல்லவும் திரும்பவும் அது உதவுகிறது. விசிறிக்கு விழ வேண்டிய அடியைத் தான் வாங்கிக்கொள்வதும் அதன் வேலை. அது தனியாகத் திருகிய பாகம் அல்ல. கியர் பெட்டியோடு சேர்த்து ஒரே வார்ப்பாக அலுமினியக் கலவையில் வார்க்கப்பட்டது. எனவே ஸ்கெக்கில் விழும் ஒவ்வொரு சுத்தியல் அடியும் உள்ளே இருக்கும் பேரிங், பற்சக்கரம் வரை போகும்.

ஏர்க் கொழு வளைந்தால் உலையில் சிவக்கக் காய்ச்சி அடித்து நிமிர்த்துகிறோம். இரும்பு நிறம் மாறி, பக்குவத்தைக் காட்டிக்கொடுக்கும். வார்ப்பு அலுமினியம் அப்படிச் சிவக்காது. சுத்தமான அலுமினியமே 660 டிகிரி செல்சியஸில் உருகும். வார்ப்புக் கலவை அதற்கும் முன்பே இளகிவிடும். நிறம் மாறட்டும் என்று காத்திருந்தால் தகடு துண்டாக உதிர்ந்து விழும். குளிர்ந்த நிலையில் அடித்தாலோ விரிசல் விடும்.

முதலில் மூன்று சோதனைகள்:

1. விசிறித் தண்டு: ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றி, கியரை நியூட்ரலில் வைக்க வேண்டும். தண்டின் நுனிக்கு அருகில் ஒரு கம்பியை அசையாமல் நிறுத்தி, விசிறியைக் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். நுனிக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளி மாறினால் தண்டு வளைந்திருக்கிறது. அது மெக்கானிக் வேலை.

2. கியர் ஆயில்: அடித்திருகைக் கழற்றி, பிறகு மேல் திருகைக் கழற்றினால் ஆயில் வடியும். பால் கலந்த டீ போல இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, சீல் போயிருக்கலாம். உலோகச் சில்லுகள் வந்தால் பற்சக்கரத்தைப் பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும்.

3. விரிசல்: ஸ்கெக் கியர் பெட்டியோடு சேரும் இடத்தில் மண்ணெண்ணெய் அல்லது டீசல் தடவி, சிறிது நேரம் கழித்து நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் பொடி தூவ வேண்டும். விரிசல் இருந்தால் பொடியில் ஈரக்கோடு தெரியும்.

மூன்றிலும் பழுது இல்லை, கீழ் விளிம்பு மட்டும் லேசாக வளைந்திருக்கிறது, படகும் ஒரு பக்கம் இழுக்கவில்லை என்றால் அப்படியே விட்டுவிடலாம். ஏரியில் மெதுவாக ஓடும் 8 குதிரைத்திறன் மோட்டாருக்கு அதனால் பெரிய நட்டம் இல்லை. கூரான பிசிறை மட்டும் அரத்தால் தேய்த்து எடுத்தால் போதும்.

கீழ்ப்பகுதியில் சற்றுக் கூடுதலாக வளைந்திருந்தால் சூடு காட்டி நிமிர்த்தலாம். மோட்டாரைப் படகிலிருந்து இறக்கி, பெட்ரோல் டேங்கை அகற்றி, திறந்தவெளியில் செய்ய வேண்டும். சோதனைக்குத் தடவிய எண்ணெயை முழுவதும் கழுவிக் காயவிட வேண்டும். விசிறியைக் கழற்றிவிட வேண்டும். ஆயிலை வடித்து, இரண்டு திருகுகளையும் திறந்தே வைக்க வேண்டும். உள்ளே அழுத்தம் சேரக் கூடாது. கியர் பெட்டியைச் சுற்றி ஈரத்துணி கட்டினால் சீலுக்குச் சூடு குறைவாகப் போகும். வளைந்த இடத்தில் சோப்பால் ஒரு கோடு இழுத்து, மறுபக்கத்தில் தீயை ஓரிடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே காட்ட வேண்டும். சோப்புக் கோடு பழுப்பானதும் தீயை எடுத்துவிட வேண்டும். இரண்டு கெட்டியான மரக்கட்டைகளுக்கு நடுவே தகட்டை வைத்து, கிளாம்பால் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒரே மூச்சில் முழுவதும் நிமிர்த்தப் பார்க்கக் கூடாது. முக்கால் பங்கு நேரானாலே போதும். முன்னும் பின்னுமாக வளைத்தால் ஒடிந்துவிடும். ஆறிய பிறகு விரிசல் சோதனையை மறுபடி செய்ய வேண்டும்.

ஸ்கெக்கின் வேர்ப்பகுதியிலேயே வளைவோ விரிசலோ இருந்தால் வீட்டில் தொடக் கூடாது. அலுமினிய ஆர்கான் வெல்டிங் தெரிந்த பட்டறையில் கொடுக்க வேண்டும். கியர் பெட்டியை மோட்டாரிலிருந்து கழற்றிக் கொடுப்பது நல்லது. நுனி ஒடிந்து போயிருந்தால், மேலே மாட்டும் துருப்பிடிக்காத எஃகு உறைகளும் கிடைக்கின்றன.

ஆயில் நிரப்பும்போது அடித்துளை வழியாக ஏற்றி, மேல் துளையில் வழிந்ததும் மேல் திருகை முதலில் மூடி, பிறகு அடித்திருகை மூட வேண்டும். வாஷர்கள் புதிதாக இருக்கட்டும். சில மணி நேரம் ஓட்டியபின் ஆயிலின் நிறத்தை மறுபடியும் பார்க்க வேண்டும்.

இன்னொரு விஷயம். தெரு வெள்ளத்தில் ஓடிய மோட்டாரின் தண்ணீர் பம்ப்பில் சேறும் பிளாஸ்டிக்கும் சேர்ந்திருக்கும். நல்ல தண்ணீரில் ஓடவிட்டு, பக்கத்துத் துளையில் தண்ணீர் தாரையாகப் பீய்ச்சுகிறதா என்று பார்க்க வேண்டும். பீய்ச்சாவிட்டால் உடனே நிறுத்த வேண்டும். இல்லையென்றால் இன்ஜின் சூடேறிக் கெட்டுவிடும்.

அடுத்த முறை தெருவுக்குள் போக நேர்ந்தால், முன்னால் ஒருவர் கழியால் ஆழம் பார்த்தபடி வரட்டும். முன்னோக்கி ஓடும்போது இடித்தால் மோட்டார் தானாக மேலே தூக்கிக்கொள்ளும். ரிவர்ஸில் அது பூட்டிக்கொள்வதால் முழு அடியும் கியர் பெட்டிக்குத்தான் போகும். ஆகவே குறைந்த ஆழத்தில் ரிவர்ஸ் வேண்டாம். ஆள் ஏறும்போதும் இறங்கும்போதும் மோட்டாரை நிறுத்திவிட வேண்டும். விசிறிக்கு அருகில் கால் போனால் தப்பாது.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. இந்த வேலைகளை ஆவணிக்குள் முடித்துவிட்டால், கூப்பிட்ட இரவில் மோட்டார் கைகொடுக்கும்.