நிரல் தெரியாதவரின் பங்கு
பழைய பென்டிரைவ் ஒன்றில், எப்போதோ ஓப்பன் ஆபிஸில் அடித்துவைத்த வாடகை ஒப்பந்தம் கிடைத்தது. லிப்ரே ஆபிஸில் சொடுக்கியதும் ஒரு வரிகூடக் கலையாமல் திறந்துகொண்டது. ‘நமக்கு நிரல் எழுதவா தெரியும், மூலநிரல் திறந்திருந்தால் என்ன, பூட்டியிருந்தால் என்ன?’ என்று கேட்கும் நண்பர்களுக்கு இதைத்தான் காட்ட வேண்டும். ஓப்பன் ஆபிஸை நடத்திவந்த சன் நிறுவனத்தை 2010-இல் ஆரக்கிள் வாங்கியபோது, அந்த மென்பொருளும் கைமாறியது. புது முதலாளியை நம்பாத தன்னார்வலர்கள், அதே ஆண்டு செப்டம்பரில் மூலநிரலை அப்படியே எடுத்துக்கொண்டு லிப்ரே ஆபிஸ் என்று தனிக்குடித்தனம் போனார்கள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை; உரிமமே அதைக் கொடுத்திருந்தது. விடுப்புக் கடிதமும் வீட்டுக் கணக்கும் மட்டுமே எழுதத் தெரிந்த என்னைப் போன்றவர்கள் விரலைக்கூட அசைக்கவில்லை, பலன் மட்டும் வந்து சேர்ந்தது. மாறாக, 2016-இல் கூகுள் தன் புகைப்பட மென்பொருளான பிக்காசாவைக் கைவிட்டபோது, அதில் படங்களை அடுக்கிவைத்திருந்தவர்கள் முணுமுணுத்ததோடு சரி. எடுத்து நடத்த ஆள் இருந்திருந்தாலும் முடிந்திருக்காது; மூலநிரல் பூட்டிக் கிடந்தது. நிரல் தெரிந்தவருக்கு, மூலநிரல் திறந்திருக்கும் சுதந்திர மென்பொருள் ஒரு வசதி. தெரியாதவருக்குத்தான் அது பாதுகாப்பு. அடுத்த முறை மென்பொருள் தேடும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள். தயாரித்தவர் கைவிட்டால் வேறொருவர் ஏற்று நடத்த முடியுமா என்றும் பாருங்கள்.