முன்வாயை அறுக்கும் முன்

வீட்டில் விமானம் கட்டுபவர்களிடையே ஒரு கைவைத்தியம் செல்வாக்கோடு இருக்கிறது: சிலிண்டர் ஹெட் சூடேறினால் இன்ஜினை மூடும் உறையான கவுலிங்கின் முன்வாயை அறுத்துப் பெரிதாக்கு. லைக்கமிங் ஓ-360 போன்ற இன்ஜின்கள் காற்றால்தானே குளிர்கின்றன, வாய் அகன்றால் காற்று கூடாதா என்கிறார்கள்.

கூடாது, கூடினாலும் சொற்பம். இன்ஜினுக்கு மேலே அழுத்தம் அதிகம், கீழே குறைவு. அந்த வேறுபாடுதான் சிலிண்டரைக் குளிர்விக்கும் இதழ்களான ஃபின்களின் இடுக்கில் காற்றைத் தள்ளுகிறது. மேலே கிடைக்கும் அழுத்தத்தின் உச்சவரம்பை வகுப்பது பறக்கும் வேகம். கடல்மட்டத்தில் 160 நாட் வேகத்தில் அது நீரைச் சுமார் 420 மி.மீ. உயர்த்தும், 80 நாட் வேகத்தில் மேலேறும்போது அதில் கால்பங்கு. வாயில் நுழையும் காற்று, விமான வேகத்தில் 30 சதவீதத்துக்குத் தணிந்தாலே, இழப்புகளை ஒதுக்கினால், அந்த அழுத்தத்தில் 91 சதவீதம் கைக்கு வந்துவிடும். மேலும் அறுப்பது மிச்சமுள்ள ஒன்பதுக்காக. உள்ளே இடமில்லாத காற்று உதட்டைச் சுற்றி வழிந்து இழுவையைத்தான் கூட்டும். 1970களில் ராய் லோபிரெஸ்டி செதுக்கிய மூனி 201, முன்வாய்களைச் சிறிதாக்கியது உட்பட இழுவையைக் குறைத்த பல மாற்றங்களால் 200 குதிரைத்திறனில் மணிக்கு 201 மைலைத் தொட்டது.

"புகுந்த காற்று தானே வெளியேறும்" என்பது அடுத்த நம்பிக்கை. எத்தனை ஜன்னல் திறந்தாலும் கொல்லைக் கதவு சாத்தியிருந்தால் கூடத்தில் காற்று ஓடாது. சூடான காற்று விரிகிறது, அதனால் அது வெளியேற அதிக இடம் வேண்டும். வெளிவாயின் பரப்பில் புகைக்குழாயும் பங்கு கேட்கிறது. அந்தப் பங்கைக் கழித்தபின் மிஞ்சுவதே உண்மையான வெளிவாய். பலர் அதைக் கழிப்பதேயில்லை.

ஆனால் பெரும்பாலும் குற்றவாளி கசிவு. காற்றை ஃபின்கள் வழியே திருப்பும் பேஃபிள் தகடுகளின் விளிம்பில் உள்ள ரப்பர் பட்டை, அழுத்தம் மிகுந்த பக்கமாக வளைந்திருக்க வேண்டும். அப்போதுதான் காற்றே அதைக் கவுலிங்கோடு அழுத்தி ஒட்டவைக்கும். மறுபக்கம் மடிந்தால், காற்று ஃபின்களைத் தொடாமலே நழுவிவிடும். கவுலிங்கின் உட்புறம் பாருங்கள்: ரப்பர் உரசிய கறுப்புக் கோடு எங்கே அறுபடுகிறதோ, அங்கே ஓட்டை. சிலிண்டர்களுக்கு இடையிலுள்ள தகடுகள் இறுக்கமாக இல்லையென்றால் வாயைத் திறந்து என்ன பயன்?

இதனால் சின்ன வாயே சிறந்தது என்றும் சொல்லிவிட முடியாது. சின்ன வாய்க்குப் பின்னால் சுமார் 7 டிகிரிக்குள் மெல்ல விரியும் வழி வேண்டும். திடீரென அகன்றால் காற்று சுவரை விட்டுப் பிரிந்து சுழலும், அழுத்தம் வீணாகும். அந்த நீளத்துக்குக் கவுலிங்குக்குள் இடமில்லாதவர்கள், உதடு நன்றாக உருண்ட பெரிய வாயோடு இருப்பதே மேல்.

அறுக்கும் முன் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயில் சாயநீர் ஊற்றி, இன்ஜினின் மேலும் கீழும் உள்ள அழுத்தத்தை வெளிக்காற்றின் ஸ்டேடிக் அழுத்தத்தோடு ஒப்பிட்டு அளக்கலாம். கீழே அழுத்தம் மிகுந்தால் வெளிவாய் போதவில்லை. மேலே குறைந்தால் முதலில் ரப்பரையும் தகடுகளையும் பாருங்கள். அவை சரியாக இருந்தும் மேலே அழுத்தம் ஏறவில்லை என்றால் மட்டுமே முன்வாயைச் சந்தேகிக்கலாம்.